பாசிர் ரிஸ் உப்பங்கழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் கிழக்கே இருக்கும் பாசிர் ரிஸ்ஸில் குடிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே ஓடி, பூங்கா வழியாகக் கடலில் கலக்கும் சுங்கை ஆப்பி ஆப்பி, சுங்கை தெம்பனிஸ் இரண்டின் கரையிலும் நான் நடக்காத வாரம் குறைவு. கூட வரும் நண்பர்களும், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும், மின்தூக்கியில் பார்க்கும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

இது ஆறா, கால்வாயா?

இரண்டும்தான், ஆனால் இரண்டோடு முடிவதில்லை. மலாயில் 'சுங்கை' என்றால் ஆறு. மேல்பக்கம் போய்ப் பார்த்தால் சிமெண்டுக் கரை போட்ட மழைநீர்க் கால்வாய். கடலை நெருங்க நெருங்கக் கரையில் சேறும் மரமும் வந்துவிடும். அந்தக் கீழ்ப்பகுதிக்குள் கடல் தினமும் ஏறி வருகிறது, திரும்பிப் போகிறது. இப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழில் அருமையான பெயர் ஒன்று உண்டு: கழி, உப்பங்கழி. நெய்தல் நிலத்தைப் பாடிய நம் பழைய புலவர்கள் கழியும் கண்டலும் (சதுப்புநில மரம்) தாழையும் நாரையும் இல்லாமல் பாட்டே எழுதவில்லை என்று சொல்லலாம். பள்ளியில் நெய்தல் என்று மனப்பாடம் செய்ததை எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் நேரில் பார்க்கலாம்.

உப்பு எவ்வளவு இருக்கும் என்பது மணிக்கு மணி மாறும். கடல் ஏறும்போது உவர்ப்பு கூடும். வட்டாரத்தில் ஒரு பெருமழை கொட்டினால், கால்வாய் கொண்டுவரும் நல்ல தண்ணீர் இலேசானது என்பதால் மேலே மிதக்கும், கனமான உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். மழை விட்ட கையோடு பாலத்தில் நின்று பாருங்கள். தேநீர் நிறத்தில் ஒரு பரப்பு மேலே வழுக்கிக்கொண்டு கடல் பக்கம் போவது தெரியும்.

போன தடவை வந்தபோது தண்ணீர் நிரம்பி இருந்தது. இன்றைக்கு வெறும் சேறு. யாராவது தண்ணீரை அடைத்துவிட்டார்களா?

யாரும் அடைக்கவில்லை. நீங்கள் வந்த நேரம் அப்படி. சிங்கப்பூரில் ஒரு நாளில் பெரும்பாலும் இரண்டு தடவை கடல் ஏறும், இரண்டு தடவை வற்றும். பாடப்புத்தகத்தில் இதை ஓதம் என்பார்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நிலவை ஒட்டி நடப்பதால் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்கு நிரம்பியிருந்தால் நாளைக்கு 10 மணிக்குக் கொஞ்சம் முன்னால் நிரம்பும்.

இரண்டு ஏற்றமும் ஒரே உயரம் இல்லை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலவும் சேர்ந்து இழுப்பதால் ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். அந்த நாட்களில் ஏற்ற அளவு 3 மீட்டரைத் தொடும். அட்டமியை ஒட்டி வித்தியாசம் சுருங்கிவிடும். வீட்டில் தமிழ் நாட்காட்டி மாட்டியிருப்பவர்களுக்கு இது வசதி. விரதத்துக்குப் பார்க்கிற அதே கட்டத்தைக் கழிக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எப்போது போவது நல்லது?

உயிரினங்களைப் பார்க்க வேண்டுமென்றால் வற்றத்தில் போங்கள். கடல்மட்ட அட்டவணையில் 0.5 மீட்டரோ அதற்குக் குறைவாகவோ காட்டும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே போய்விட்டால், தண்ணீர் இறங்க இறங்கச் சேறு உயிர் பெறுவதைப் பார்க்கலாம். ஒரு சின்ன விவரம்: வருடத்தின் நடுப்பகுதியில் மிகத் தாழ்வான வற்றம் விடியற்காலையில் வரும், நவம்பர் முதல் ஜனவரி வரை மாலையில் வரும். காலையில் எழ முடியாதவர்கள் தீபாவளிக்குப் பிறகு வரலாம், மழைக்குக் குடை வேண்டும்.

ஏற்றத்தில் போனாலும் வீண் இல்லை. மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். நத்தைகளும் மரம் ஏறும் நண்டுகளும் அடிமரத்தில் மேலே மேலே ஏறி உட்கார்ந்திருக்கும்.

இப்படி நாறுகிறதே, சாக்கடை கலக்கிறதா?

இந்தக் கேள்வி வராத நடை ஒன்றுகூட இல்லை. கழிவறை, சமையலறைக் கழிவுநீர் சிங்கப்பூரில் தனிக் குழாயில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. மழைநீர்க் கால்வாய் வேறு. நீங்கள் முகர்வது சேற்றின் மணம். மென்மையான அந்தச் சேற்றில் மேல்தோல் போல ஒரு மெல்லிய அடுக்கில் மட்டும்தான் பிராணவாயு உண்டு. கீழே காற்றே இல்லை. அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் விழுந்த இலைகளை மட்கவைக்கக் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன, அதில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவருகிறது. அழுகிய முட்டை வாடைக்குக் காரணம் அதுதான். காற்றில்லாத அதே அடுக்கில்தான் மட்காத கரியும் மிக நீண்ட காலம் தங்கிவிடுகிறது. சதுப்புநிலக் காடுகள் கரியமில வாயுவைச் சேமிக்கும் கிடங்குகள் என்று சொல்வது இந்தச் சேற்றை வைத்துத்தான்.

அதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. சாலையில் சொட்டிய எண்ணெய், கார் கழுவிய சோப்பு, வாய்க்காலில் வீசிய பொட்டலம் எல்லாம் மழையோடு நேராக இங்கேதான் வருகின்றன. எதிரே மலேசியாவுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் ஜோகூர் நீரிணையும் குறுகலானது. 1920களில் கட்டி முடித்த ஜோகூர் கடற்பாலம் அணை போல நடுவில் குறுக்கே நிற்பதால் கிழக்குப் பகுதி நீர் மேற்கே போய்விட முடியாது, வந்த வழியேதான் திரும்பவேண்டும். 2015 பிப்ரவரியில் அங்கே நுண்பாசி பெருகி, கடல் மீன்பண்ணைகளில் 500 டன்னுக்கு மேல் மீன் செத்தது. பாசிர் ரிஸ் கரையில் ஒதுங்கிய செத்த மீன்களின் வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சேற்று மணத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கு மூக்குக்கே புரிந்தது.

சேற்றிலிருந்து ஆணி ஆணியாகக் குத்திட்டு நிற்பது என்ன?

வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை என்றேன் அல்லவா? அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. பென்சிலை வரிசையாக நட்டு வைத்த மாதிரி இருந்தால் அது வெண்கண்டல் இனம், மலாயில் ஆப்பி ஆப்பி. தரையிலிருந்து பல அடி மேலேயே பிரிந்து வளைந்து, குடைக்கம்பி போல் ஊன்றி நின்றால் அது சுரபுன்னை, இங்கே பக்காவ் என்பார்கள். ஒரு காலத்தில் கட்டட அடித்தளத்துக்கு முளைக்குச்சியாகவும் அடுப்புக்கரியாகவும் வெட்டித் தீர்த்தது இந்தப் பக்காவைத்தான்.

உப்பைச் சமாளிப்பதில் இரண்டுக்கும் இரண்டு வழி. சுரபுன்னை வேரிலேயே உப்பின் பெரும்பகுதியை வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். வெண்கண்டல் உள்ளே விட்டு, பிறகு இலை வழியாக வியர்க்கும். வெயில் ஏறிய பிறகு, நடைபாதைக்கு எட்டுகிற வெண்கண்டல் இலையைக் கிள்ளாமல், இருந்த இடத்திலேயே மேலாக விரலால் தடவுங்கள். சொரசொரவென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் பொடி உப்பு மினுமினுக்கும். விரலை நாக்கில் வைத்தால் அப்பளம் தின்ற மாதிரி கரிக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் பிறகு ஒவ்வொரு மரத்தையும் தடவிப் பார்க்காமல் நகரமாட்டார்கள்.

சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்துவிடும். முருங்கைக்காய் போலத் தொங்குவது காயல்ல, நாற்று. அது விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து போய் வேறு கரையில் வேர் விடும். பிள்ளையைக் கொஞ்சம் வளர்த்து வெளியே அனுப்புகிற மரம் என்று என் அம்மா சொல்வார்.

தமிழ்நாட்டில் பிச்சாவரத்தில் இருக்கும் மரங்களும் இவையும் ஒன்றா?

நெருங்கிய சொந்தம். சில இனங்கள் அதேதான், சில பக்கத்து இனங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் இங்கேயும் உண்டு. மலாயில் அதற்குப் 'பூத்தா பூத்தா' என்று பெயர், பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் அம்மாவைச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு அழைத்துப் போனபோது, நான் வாயைத் திறப்பதற்குள் "தில்லை, கை வைக்காதே" என்று என் கையைப் பின்னால் இழுத்தார். நாற்பது வருடத்துக்கு முன் அவருக்கு அவர் அப்பா சொன்ன எச்சரிக்கை அது. கடலின் இரண்டு பக்கத்திலும் மரமும் ஒன்று, பயமும் ஒன்று.

ஐஸ் கச்சாங் என்னும் துருவிய ஐஸ் இனிப்பில் வழவழவென்று பல்லில் சிக்கும் அத்தாப் விதை இருக்கிறதே, அதுவும் கழியின் பொருள்தான். நீப்பா என்னும் பனை இனம் அது. அந்தக் காலக் கம்பத்து (கிராமத்து) வீடுகளுக்குக் கூரை வேய்ந்த அத்தாப்பும் அதன் ஓலை.

ஆப்பி என்றால் தீ. ஆற்றுக்கு ஏன் தீ என்று பெயர்?

மரத்தின் பெயர் ஆற்றுக்கு வந்தது. மரத்துக்கு அந்தப் பெயர் வந்தது அதில் கூடும் மின்மினிகளால் என்று சொல்வார்கள். சதுப்புநிலத்து மின்மினிகள் சிங்கப்பூரில் இன்னும் இருக்கின்றன, ஆனால் இருட்டு வேண்டும். ஆற்றின் இரு கரையிலும் தெருவிளக்கும் புளோக் விளக்கும் எரியும்போது அவற்றின் விளக்கு எடுபடாது.

சேற்றில் தத்தித் தத்திப் போவது தவளையா, மீனா?

மீன். உளுவைக்கு உறவு. சேற்றுத்தாவி என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டும், ஈரத்தோல் வழியாகவும் வாயின் உட்புறம் வழியாகவும் மூச்சு விட்டுக்கொண்டும் தரையில் திரியும். மார்புத் துடுப்புகளை ஊன்றுகோல் போல வைத்து நகரும், வாலால் சேற்றை அடித்துத் தாவும்.

ஒன்றைப் பொறுமையாகப் பாருங்கள். கண்கள் தலை உச்சியில் இரண்டு பொத்தான் மாதிரி நிற்கும். திடீரென்று ஒரு கண் மட்டும் குழிக்குள் அமுங்கி மறுபடி மேலே வரும். உள்ளே இருக்கிற ஈரத்தில் கண்ணை நனைத்துக்கொள்கிறது. அப்புறம் உடம்பையே ஒருக்களித்துப் புரட்டிச் சேற்றில் தேய்த்துக்கொள்ளும், தோல் காயக்கூடாதே. பெரிய இனம் ஒரு சாணுக்குச் சற்றே கூட, 25 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். அது சேற்றில் குழி தோண்டி, சுற்றிலும் வரப்பு போல மண்ணை உயர்த்தி, தனக்கென்று ஒரு குளம் கட்டிக்கொள்ளும். குழியிலிருந்து வாய் நிறையச் சேற்றை அள்ளி வந்து வரப்பில் துப்பும் வேலையை அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன்.

அதன் பக்கத்திலேயே ஒற்றைக் கொடுக்குப் பெரிதாக இருக்கும் பிடில் நண்டுகள் இருக்கும். ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கொடுக்கு. அதை வைத்துச் சாப்பிட முடியாது, பெண்ணைக் கூப்பிடவும் போட்டிக்காரனை விரட்டவும்தான். சின்னக் கொடுக்கு ஒன்றால் மட்டும் சேற்றை எடுத்து வாயில் வைக்கும். பெண் நண்டுக்கு இரண்டும் சின்னவை, அதனால் இரண்டு கையாலும் சாப்பிடும். சத்தை உறிஞ்சிவிட்டு மீதியைச் சின்ன உருண்டையாக வைத்துவிடும். சேற்றில் கடுகு கொட்டினாற்போல் பரவிக் கிடப்பது அந்த உருண்டைகள்தான்.

புற்று மாதிரி மேடுகள் இருக்கின்றன. உள்ளே பாம்பா?

நம் ஆட்கள் புற்றைக் கண்டால் இப்படித்தான் கேட்பார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கட்டியது இறால் போன்ற சேற்று லாப்ஸ்டர். ராத்திரியில் ஆழத்துச் சேற்றை மேலே தள்ளித் தள்ளி மனிதர் உயரத்துக்குக்கூட மேடு எழுப்பும். ஆளைக் காண்பது மிக அரிது. ஆழத்திலிருக்கும் சத்து மேலே வருவதும், மண் புரள்வதும் அதன் உழைப்பால். நண்டு, எறும்பு, பாம்பு எனப் பல உயிர்கள் அந்த மேட்டில் ஒண்டிக் குடியிருக்கும். மரங்களும் உயரமான அந்த மண்ணில் முளைக்கும்.

முதலை, பாம்பு, நீர்நாய் எல்லாம் இருக்கிறதா? ஆபத்தா?

உவர்நீர் முதலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் சுங்கை பூலோ பக்கம். பாசிர் ரிஸ்ஸில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் நீர் உடும்பு. ஆள் நீளம் இருக்கும், பார்த்து முதலை என்று அலறுபவர்கள் உண்டு. வழிவிட்டு நின்றால் அது பாட்டுக்குப் போகும். மரக்கிளையில் அசையாமல் சுருண்டிருக்கும் விரியன் பாம்பு சதுப்புநிலத்தில் உண்டு, நஞ்சுள்ளது. நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், கம்பியில் கை வைக்குமுன் ஒரு பார்வை பாருங்கள், போதும்.

நீர்நாய்களின் கதை தெரிந்துகொள்ள வேண்டியது. நீர் மாசுபட்டதால் 1970களில் காணாமலே போய்விட்டன. 1998இல் சுங்கை பூலோவில் திரும்பித் தென்பட்டன. இன்று தீவு முழுக்கக் குடும்பம் குடும்பமாகத் திரிகின்றன, நம் கழிக்கும் வருகின்றன. குட்டிகள் கூட இருந்தால் கிட்டே போகாதீர்கள், கடிக்கும். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ன பறவைகள் வரும்?

வருடம் முழுவதும் சாம்பல் நாரை. பூங்காவின் உயரமான மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகளின் சத்தம் கீழே வரை கேட்கும், மரத்தடியில் நிற்பவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளவும். சின்னக் கொக்கு, மீன்கொத்தி தினமும் உண்டு. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கே இருந்து வலசை வரும் உள்ளான்கள் வாலை ஆட்டி ஆட்டிச் சேற்றோரம் ஓடும். 1994இல் எதிரே உள்ள புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்ட இருவாச்சி இப்போது நம் புளோக் மாடங்களிலேயே வந்து உட்காருகிறது. காட்டுக்கோழி கூவித்தான் பலர் வீட்டில் பொழுது விடிகிறது.

சிங்கப்பூரில் இத்தனை ஆறு இருக்கின்றன. இதற்கு மட்டும் ஏன் இத்தனை பேச்சு?

இதன் வாய் இன்னும் திறந்திருக்கிறது என்பதால்தான்.

நமக்குக் குடிநீர் வேண்டும். அதற்காக ஆற்று முகத்துவாரங்களை ஒவ்வொன்றாக அணை கட்டி நல்ல தண்ணீர் ஏரிகளாக்கினார்கள். 1970களில் கிராஞ்சி, 1980களில் கீழ் சிலேத்தார், 2008இல் மரினா அணைக்கட்டு, 2011இல் பொங்கோலும் சிராங்கூனும். உள்நாட்டில் இருப்பவற்றையும் சேர்த்து மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தண்ணீரை அளந்து குடித்த காலத்தை என் மாமனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அணை எழும்பிய நாளோடு அங்கே கடல் உள்ளே வருவது நின்றது. கண்டலுக்கும் சேற்றுத்தாவிக்கும் அங்கே இனி வேலை இல்லை. ராஃபிள்ஸ் வந்த 1819 வாக்கில் தீவில் ஏறக்குறைய 75 சதுர கிலோமீட்டர் சதுப்புநிலக் காடு இருந்தது. இன்றைக்கு 10 சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

குடியிருப்புக்கு நடுவே கடல் தினமும் வந்துபோகிற கழி ஒன்று மிஞ்சியிருப்பது எனக்குப் பெரிய விஷயம். சந்தைக்குப் போகிற வழியில் பாலத்தில் நின்று, இன்றைக்கு ஏற்றமா வற்றமா என்று பார்க்க முடிகிறது.

பக்கத்திலேயே கடலைத் தூர்த்து நிலம் எடுத்தார்களே, இந்தக் காடு எப்படித் தப்பித்தது?

1970களின் கடைசியில் நிலமீட்பு நடந்தபோது காட்டை ஒரு பகுதியாக விட்டுவைத்து, கடல்நீர் உள்ளே வந்துபோக வழியும் விட்டார்கள். அந்த வழிதான் அதன் உயிர். பூங்காவுக்குள் இன்று 6 ஹெக்டர் காடு இருக்கிறது, ஊடே மரநடைபாதை போட்டிருக்கிறார்கள்.

பூசை முடிந்த பூ, தேங்காய், கலசத்து நூல் இவற்றை இந்தத் தண்ணீரில் விடலாமா?

விடவேண்டாம். ஓடும் தண்ணீரில் விடுவது நம் வழக்கம், அது எனக்கும் தெரியும். ஆனால் கழியில் ஓடும் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் திரும்பி வருகிறது. நீங்கள் விட்ட மாலை கடலுக்குப் போகாது, மூச்சு வேர்களில் சுற்றிக்கொண்டு நிற்கும். நாரும் பிளாஸ்டிக் நூலும் கட்டிய மாலையில் கால் சிக்கிய நண்டை நான் ஒருமுறை கத்தரிக்கோல் கொண்டு விடுவித்தேன். மஞ்சள் துணி, எண்ணெய், நெகிழிப்பை எதுவும் கூடாது. குப்பை போட்ட குற்றமும் சேரும். பூவையும் இலையையும் வீட்டுத் தொட்டிச் செடிக்கு உரமாக்குங்கள். நானும் மனைவியும் சில வருடமாக அப்படித்தான் செய்கிறோம், மல்லிகை நன்றாகப் பூக்கிறது.

இதேபோல, புண்ணியம் என்று வாங்கி வந்த மீனையும் ஆமையையும் இங்கே விடாதீர்கள். நல்ல தண்ணீர் ஆமை உப்பில் தவித்துச் சாகும். வனவிலங்குச் சட்டப்படி விலங்குகளை விடுவதும் உணவு போடுவதும் குற்றம்.

நண்டு, மீன் பிடிக்கலாமா?

தேசியப் பூங்காக் கழகம் குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும் தூண்டில் போடலாம். காட்டுக்குள் கூடாது.

கொசுவும் டெங்கியும் இங்கிருந்துதானே வருகிறது?

டெங்கிக் கொசு வளர்வது வீட்டுப் பூந்தொட்டித் தட்டு, வாளி போன்றவற்றில் தேங்கிய நல்ல தண்ணீரில். தினமும் கடல் கழுவிப்போகும் சேற்றில் அல்ல. ஆனால் வேறு கொசுக்களும் அகாஸ் என்ற பொடிப்பூச்சியும் கடிக்கும். நீளக்கால்சட்டை போடுங்கள், மருந்து தடவுங்கள்.

கடல் மட்டம் உயர்ந்தால் இந்தக் காடு என்ன ஆகும்?

2024 ஜனவரியில் வந்த பருவநிலை ஆய்வின்படி, 2100க்குள் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம். கண்டல் காடு கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. வேர்கள் வண்டலைப் பிடித்து வைத்துத் தரையை உயர்த்திக்கொண்டே போகும். ஆனால் வருடத்துக்கு 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் கடல் ஏறினால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வழக்கமாகக் காடு நிலத்துப் பக்கம் பின்வாங்கித் தப்பிக்கும். இங்கே பின்னால் சைக்கிள் பாதை, வாகன நிறுத்தம், புளோக். பின்வாங்க இடமில்லை. மேலிருந்து வரும் கால்வாயும் சிமெண்டுக் கரைக்குள் ஓடுவதால் முன்போல் வண்டல் கொண்டுவருவதில்லை. கரையோரத்துக்கு இனி என்ன திட்டம் வந்தாலும், காட்டுக்கு ஓர் அடி இடமும் கடலுக்கு ஒரு திறப்பும் விட்டிருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

சின்னப் பிள்ளைகளோடு வந்தால் எதைக் காட்டுவது?

நடைபாதையில் தள்ளுவண்டி போகும். தண்ணீர்ப் புட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சேறு தெரியும் இடத்தில் கம்பியோரம் நின்று, ஐந்து நிமிடம் யாரும் அசையக்கூடாது என்று சொல்லுங்கள். நம் காலடி அதிர்ந்தவுடன் எல்லாம் வளைக்குள் போயிருக்கும். முதல் இரண்டு நிமிடம் வெறும் சேறு. பிறகு ஓர் ஓட்டையில் ஒரு கொடுக்கு நுனி. அப்புறம் இன்னொன்று. நான்காவது நிமிடத்தில் எண்ண ஆரம்பிக்கச் சொல்லுங்கள், என் அண்ணன் மகள் 63 வரை எண்ணியிருக்கிறாள்.